பம்பாய்க்குக் கீரையாகத் தெரிந்த கிளி

வக்கீல் ஆபீசில் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க நான் டைப் அடித்தவை மூன்று வகைக் காகிதங்கள்தான்: பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு, கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எந்த நாள் என்பது. நோட்டுப் புத்தகத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டிருந்தேன். நான்காவது பக்கத்துக்குத் தலைப்பு எழுதும் நாள் வந்தபோது எனக்கு மட்டுமல்ல, எங்கள் வக்கீலுக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆபீஸ் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் வக்கீல், பின்னறையில் நானும் குமாஸ்தாவும் டைப் மிஷினும். என் அப்பா கூமாப்பட்டியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நான் அத்தை வீட்டில் தங்கிப் படித்து, சர்க்கார் டெக்னிக்கல் பரீட்சையில் மூன்று சர்டிபிகேட் வாங்கியிருந்தேன். டைப்ரைட்டிங் மேல் கிரேடு, சுருக்கெழுத்து கீழ் கிரேடு, மூன்றாவது டிராயிங். முதல் இரண்டும் வேலை வாங்கிக் கொடுத்தன. மூன்றாவது எதற்கும் உதவாது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். முத்து முத்தாக எழுதுவார். மிஷின் வந்தபிறகு தன் எழுத்துக்கு மதிப்புப் போய்விட்டது என்ற வருத்தம் அவருக்கு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏ மிஷின் பிள்ள, மெதுவாத் தட்டு. கோர்ட்டுல ஜட்ஜு முழிச்சிக்கிடப் போறாரு" என்பார்.

ஒரு நாள் தபாலில் சென்னையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்று வந்தது. 1940-ல் எழுதப்பட்டு, யுத்தத்தின் நடுவில் அமலுக்கு வந்த டிரேட் மார்க் சட்டம். சரக்கின் மேல் ஒட்டும் அடையாளத்தைச் சர்க்காரில் பதிந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். வக்கீல் அதை மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து படித்தார். பிறகு பின்னறைக்கு வந்து நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா ஒருத்தன் லேபிளை இன்னொருத்தன் திருடினா என்ன செஞ்சோம்? என் பேரு ஊரெல்லாம் தெரியும், இவன் ஜனங்களை ஏமாத்துறான்னு சாட்சி மேல சாட்சி கொண்டுவந்து நிறுத்தணும். இனிமே அந்தப் பாடு இல்ல. பதிஞ்சாச்சுன்னா அந்தப் பதிவே சாட்சி. புரியுதாம்மா?"

"இந்த ஊர்ல லேபிள யாரு சார் திருடுதான்? வரப்பைத்தான் திருடுதான்" என்றார் குமாஸ்தா.

"திருடுவான்யா. சட்டம் வந்தாச்சுல்ல, ஆள் தானா வரும்."

பத்தே நாளில் ஆள் வந்தது.

ராஜபாளையத்திலிருந்து கரி பஸ்ஸில் வந்து இறங்கிய அந்த அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். பெட்ரோல் கிடைக்காத காலம்; பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரி எரித்து ஓட்டினார்கள். ஏழெட்டு மைல் வருவதற்குள் மூக்கு நுனி கறுத்துவிடும். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டும் காயத்துக்குக் கட்டும் வலைத்துணி. இரண்டின் மேலும் கிளி போட்ட பச்சை லேபிள்.

"இதுல ஒண்ணு என்னுது, ஒண்ணு திருட்டு. எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

வக்கீல் புரட்டிப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். குமாஸ்தா துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, "இது சல்லடை. இதுதான் திருட்டு" என்றார்.

"துணியப் பிரிச்சா தெரியுது. பிரிக்கிறதுக்கு முன்ன தெரியணும்லா?"

அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் தமிழுக்குள் அது எட்டிப் பார்க்கும். அவரும் கணவருமாகப் பத்து வருஷத்துக்கு முன் நான்கு தறிகளோடு ஆரம்பித்த தொழில், இப்போது கொட்டகையில் பதினாறு தறி. கணவர் பட்டாளத்தில். எந்த இடம் என்று கடிதத்தில் எழுதக் கூடாது. எழுதினாலும் கறுப்பு மை பூசித்தான் வரும். யுத்தத்தினால் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி போதவில்லை. அந்த நேரம் பார்த்து வேறு ஜில்லாவில் ஒரு வியாபாரி இவருடைய லேபிளை அச்சடித்து, இழை நிற்காத துணியில் ஒட்டி விற்க ஆரம்பித்துவிட்டார். ஒரு ஆஸ்பத்திரி, இனிமேல் கிளி மார்க்குத் துணியே வேண்டாம் என்று எழுதிவிட்டது.

"இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி இப்படி எழுதினா தறிய நிறுத்த வேண்டியதுதான். அவிய திரும்பி வரும்போது கொட்டகை இருக்கணும். நான் கேக்கது அம்புட்டுத்தான்."

வக்கீல் புத்தகத்தை எடுத்தார். அன்றைக்கே விண்ணப்பம் தயாரானது. சரக்கு என்ன, எத்தனை வருஷமாக விற்கிறது, அடையாளம் என்ன. 'அடையாளம்' என்ற இடத்தில் வக்கீல் ஒரே வார்த்தை சொன்னார்: கிளி. நான் ஆங்கிலத்தில் அதை அடித்தேன். குமாஸ்தா சரிபார்த்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். நான்கு பேர் கண்ணுக்கும் அதில் குறை தெரியவில்லை. லேபிள்கள் சிலவற்றை இணைத்துப் பம்பாயிலிருந்த டிரேட் மார்க் ஆபீசுக்கு அனுப்பினோம். நான்காவது பக்கத்தில் 'டிரேட் மார்க்' என்று தலைப்பெழுதி அடிக்கோடு போட்டேன்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. உறையைப் பிரித்த நான் இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்துபோய் வக்கீலிடம் கொடுத்தேன். அவர் மூன்று முறை படித்தார்.

விண்ணப்பத்தில் கிளி என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்பிய லேபிளில் கிளி எதுவும் காணப்படவில்லை. அதில் இருப்பது கட்டி வைத்த கீரையா, வேறு செடியா என்பதைத் தெரிவிக்க வேண்டும். கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். தேதியைப் பார்த்தேன். யுத்தகாலத் தபால் அதில் பதினோரு நாளைத் தின்றிருந்தது.

குமாஸ்தா சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் புரையேறியது. "கீரையா! நல்லவேளை, கட்டு எம்புட்டுன்னு கேக்காம விட்டான்."

மறுநாள் கரி பஸ்ஸில் வந்த அக்கா சிரிக்கவில்லை. "ஏமி கண்ணு அது? கொக்கி மூக்கு இருக்கு, ரெக்கை இருக்கு, கண்ணு இருக்கு. பச்சப் பிள்ளைட்ட காட்டுங்க, கிளின்னு சொல்லும்."

"இந்த ஊர்ப் பச்சப் பிள்ளை சொல்லும்" என்று நான் சொன்னேன்.

சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. என் மேஜைமேல் அந்த இரண்டு லேபிள்களும் கிடந்தன. திருட்டு லேபிளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அதில் கண் இல்லை. கண் இருந்த இடத்தில் ஒரு பூ மொட்டு. மூக்கு ஒரு காம்பாக மாறியிருந்தது. வேற்று ஜில்லா அச்சுக்காரர் அதைப் பறவை என்றே நினைக்கவில்லை. இலைக்கொத்து என்று எண்ணி, அழகாகவே நகல் எடுத்திருக்கிறார். திருடியவருக்கே தாம் என்ன திருடினோம் என்று தெரியவில்லை.

வக்கீலிடம் இரண்டையும் காட்டினேன். "சார், இது கிளியே இல்ல. இலையில செஞ்ச கிளி. நம்ம கோயில் கிளி. அதப் பாக்காதவங்களுக்கு இது இலைதான்."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கோயிலில் தாயார் கையில் தினமும் ஒரு புதுக் கிளி இருக்கும். இலையும் பூவும் வைத்துச் சாயங்காலத்துக்குள் கட்டி முடிப்பார்கள். இந்தப் பக்கத்தில் 'கிளி' என்று சொன்னால் மரத்திலிருக்கும் கிளி இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் நாங்கள் நான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டு 'கிளி' என்று எழுதியிருந்தோம்.

"அப்படின்னா நிஜக் கிளிய ஒண்ண பார்சல் பண்ணி அனுப்பிருவோம்" என்றார் அக்கா. "பாத்துக்கிடட்டும்."

"இங்க இருந்து பம்பாய் போறதுக்குள்ள அது வதங்கிரும்மா. பொறவு அவன் எழுதினது சரியாப் போயிரும். கீரைதான்" என்றார் குமாஸ்தா.

ஆனால் வக்கீல் முகத்தில் வேறொரு கவலை. புத்தகத்தைத் திறந்து ஒரு பிரிவில் விரலை வைத்தார். எந்த வகுப்பு ஜனங்களின் மத உணர்ச்சியையும் புண்படுத்தக்கூடிய அடையாளத்தைப் பதியக் கூடாது.

"கோயில் கிளின்னு எழுதினா இதுல மாட்டும். எழுதலைன்னா கீரைக்கட்டு. இலையில செஞ்ச கிளின்னு மட்டும் எழுதுவோம். கோயில் பேச்சே வேண்டாம்."

"அது ஆகாது" என்றார் அக்கா.

"ஏம்மா?"

"தாயார் கிளிய, தாயார் கிளி இல்லன்னு மறைச்சு எழுதி, அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போடணுமா? வேண்டாம் சார். தறிய நிறுத்துனாலும் நிறுத்துவேன், அதச் செய்ய மாட்டேன்."

சட்டம் தெரிந்தவர் ஒரு பக்கம், பயமே இல்லாதவர் ஒரு பக்கம். நடுவில் பதினெட்டு நாள். நான் அந்தப் பிரிவை வாங்கிப் படித்தேன். டெக்னிக்கல் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வியில் எந்த வார்த்தைக்கு மார்க் என்று தேடுவோம். இங்கே அந்த வார்த்தை 'புண்படுத்துதல்'. கோயில் சம்பந்தமான எதையும் பதியக் கூடாது என்று அதில் இல்லை. மனசு புண்படக் கூடாது என்றுதான் இருந்தது.

"சார், இந்தக் கிளிய வெச்சு யாருக்காவது மனசு நோகணும்னா, முதல்ல யாருக்கு நோகும்?"

வக்கீல் யோசித்தார். பதில் சொன்னது குமாஸ்தா. "கட்டுதவருக்கு."

கிளி கட்டுபவர் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். மறுநாள் மத்தியானம் நானும் அக்காவும் போனோம். வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்ணான நான் உள்ளே வரலாமா என்று தயங்கி வாசல்படிக்குக் கீழேயே நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "அங்க நின்னா என்ன தெரியும் தாயி? வெளிச்சத்துக்கு வா. கையால தொடாத, கண்ணால பாரு" என்றார். முற்றத்தில் ஈரத்துணியில் இலைகளை விரித்து வைத்திருந்தார். நான் நோட்டை எடுத்தேன். அவர் கை ஓட ஓட என் பென்சில் ஓடியது.

உடலுக்கு மரவள்ளி இலை.
இறகுக்கு நந்தியாவட்டை இலை.
மூக்குக்கு மாதுளம் பூ.
கண்ணுக்கு மின்னும் காக்காய்ப்பொன் தகடு.
வாலுக்கு அரளி மொட்டு.
காலுக்கு மூங்கில் குச்சி.
எல்லாவற்றையும் கட்ட வாழைநார். முடிச்சு எங்கே விழுகிறது என்று கேட்டேன். "அது எழுதுறதுக்கு இல்ல தாயி" என்றார். எழுதவில்லை.

எழுதி முடித்த கையோடு வரைந்தேன். பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று. டிராயிங் பரீட்சையில் வைத்த பூச்சாடியைவிட இது கடினம். மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு இலைக்கும் வளர்கிறது. கண்ணில் காக்காய்ப்பொன் பதிந்த நொடி, இலைக்குவியல் திரும்பி என்னைப் பார்த்தது. பம்பாய்க்காரருக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 'கண்: காக்காய்ப்பொன்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அக்கா தன் லேபிளை நீட்டி விஷயத்தைச் சொன்னார். பெரியவர் அதை வாங்கித் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். முகம் சுருங்கியது.

"இத வரைஞ்சது யாரு?"

"எங்க வீட்டுக்காரவிய."

"மூக்கு தப்பு."

"என்னது?"

"இது மாதுளம் பூவா? மிளகா மாதிரி இருக்கு. செவப்பு மிளகா. கிளிக்கு மிளகா பிடிக்கும்தான், அதுக்காக மூக்கே மிளகாயாப் போயிருமா?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு லேபிளைப் பார்த்தார். பத்து வருஷமாகத் தினமும் பார்த்த படம். அது மிளகாய்தான். நானும் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

"மனசு நோகுதா ஐயா?" என்று கேட்டேன். கேட்டேயாக வேண்டிய கேள்வி.

"கிளியப் போட்டதுக்கு எதுக்கு நோகணும்? புண்ணுக்குக் கட்டுத துணி. நல்ல காரியத்துக்குத்தான போகுது. ஆனா அந்த மூக்கு நோகுது. பலமா நோகுது."

ஆபீசில் இதைச் சொன்னபோது வக்கீல் தலையில் கை வைத்தார். "நோகலைன்னு சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டிய ஒரே சாட்சி, நோகுதுன்னு சொல்லிட்டாரா?"

"மூக்கு மட்டும்தான் சார்."

"அப்ப மூக்க மாத்தி வரைஞ்சிருவோம். நீதான் டிராயிங் படிச்சிருக்கியே."

மாற்ற முடியாது என்று அவருக்கே அடுத்த நிமிஷம் உறைத்தது. பத்து வருஷமாக விற்கும் அடையாளம் என்பதுதான் எங்கள் பலம். மூக்கை மாற்றினால் அது நேற்றுப் பிறந்த லேபிள். அக்கா எங்களுக்கு அந்தச் சங்கடத்தையே வைக்கவில்லை. "மாத்த விடமாட்டேன். அவிய கையால போட்டது. மிளகான்னா மிளகாயாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் நடந்தேன், ஆபீசுக்கும் பெரியவர் வீட்டுக்குமாக. வக்கீல் எழுதித் தந்த வாசகத்தில் மூக்கு இல்லை. பெரியவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான் சொன்னதுல பாதிய எங்க விட்ட?" என்றார். மூக்கைச் சேர்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். சேர்த்தால் வக்கீல் அனுப்ப மாட்டார். பதினைந்து நாள்தான் மிச்சம். அதில் பதினொன்று தபாலுக்கே வேண்டும்.

கடைசியில் நானே ஒரு வாசகம் அடித்து இரண்டு பேருக்கும் காட்டினேன். 'இந்த அடையாளத்தைச் சரக்கில் போடுவதால் என் மனம் புண்படவில்லை; படத்தில் மூக்கு சரியாக வரையப்படவில்லை என்பது தொழில் தெரிந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம்.' முதல் பாதி பக்திக்கு, இரண்டாவது பாதி தொழிலுக்கு. இரண்டையும் பிரித்து நடுவில் ஒரு அரைப்புள்ளி போட்டேன்.

வக்கீல் அந்த அரைப்புள்ளியை வெகுநேரம் பார்த்தார். "இது நிக்கும்" என்றார்.

பெரியவர் ஒருமுறை கேட்டுவிட்டு, "இப்பத்தான் நான் பேசின மாதிரி இருக்கு" என்றார். கோர்ட்டில் பிரமாணம் வாங்கும் அதிகாரி முன்னால் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா என் பட்டியலை எட்டிப் பார்த்து, "ஏ மிஷின் பிள்ள, இதுல படம் வேற இருக்கா? மிஷினு படமும் போடுமா?" என்றார். "அது கை" என்றேன். படத்துக்குக் கீழே தலைப்பு எழுத வேண்டியிருந்தது. அவர் தன் பேனாவை எடுத்து, அந்த முத்து எழுத்தில், தானே எழுதினார்.

கோயில் விஷயத்தை மறைக்காமல் எழுதினோம். இலைக் கிளி, இன்னின்ன பொருளால் ஆனது, இன்ன ஊர்க் கோயிலில் தினம் கட்டப்படுவது, லேபிளில் தெய்வத்தின் உருவம் இல்லை, கட்டுபவரின் பிரமாணம் இணைப்பு. ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டு ஆபீஸ் திரும்பும்போது நான் நடக்கவில்லை. ஓடினேன். கடைத்தெருவில் ஒரு பெண் ஓடுவது நல்லதல்ல என்று அத்தை அன்று சாயங்காலம் சொன்னாள். அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

பதிலுக்குக் காத்த வாரங்களில் நான் நாலைந்து பட்டியல் போட்டேன். இனி யாரெல்லாம் லேபிளோடு வரக்கூடும் என்பது அதில் ஒன்று. வத்திப்பெட்டி, நூல், அப்பளம், பொடி. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, சர்க்கார் பத்திரிகையில் வெளியிடப்படும். வெளியான பக்கத்தில் எங்கள் அடையாளத்தின் விளக்கம் ஒரே வரியில் இருந்தது: இலைகளால் ஆன கிளி. மூன்று சர்டிபிகேட்டும் வீணாகவில்லை என்று அந்த வரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆட்சேபம் சொல்வதற்கான மாதங்கள் கழிந்தன. அந்த வேற்று ஜில்லா வியாபாரி ஆட்சேபிக்கவில்லை. தன் லேபிள் கிளி என்பதே அவருக்குத் தெரியாதே. பதிவுப் பத்திரம் கைக்கு வந்ததும் வக்கீல் அனுப்பிய ஒரே நோட்டீசில் அவர் லேபிளை நிறுத்திவிட்டார். வேண்டாம் என்று எழுதிய ஆஸ்பத்திரிக்கு அக்கா பத்திரத்தின் நகலை அனுப்பினார். துணி கேட்டுப் பதில் வந்தது. பதினாறு தறியும் ஓடின.

பத்திரம் வந்த அன்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் அன்றைய கிளி பாதி ஆகியிருந்தது. பத்திரத்தை அவர் வாங்கவில்லை, கையெல்லாம் இலைச்சாறு. நான் பிரித்துக் காட்டினேன். மேலே முத்திரை, நடுவில் அக்காவின் லேபிள் ஒட்டியிருந்தது.

"அப்போ சர்க்கார்லயே பதிஞ்சாச்சு?"

"பதிஞ்சாச்சு ஐயா. இனிமே வேற யாரும் போட முடியாது."

"நீங்களும் மாத்த முடியாதா?"

"ஆமாய்யா. இதே படம்தான், எப்பவும்."

அவர் வேலையை நிறுத்தினார். லேபிளை ஒருதரம் பார்த்தார். மாதுளம் பூ ஒன்றை எடுத்து, கையிலிருந்த கிளிக்கு மூக்கு வைத்தார். நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துச் சரிசெய்தார்.

"அட பாவிங்களா" என்றார், "அப்ப அந்த மிளகா மூக்கு காலாகாலத்துக்கும் நிக்குமா?"

அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.